டொமினோவும் ஒரு வாப்பாவின் கேள்வியும்

"சேர், பள்ளிக்கூடத்துல புள்ளைகளுக்கு சூதா படிச்சிக் குடுக்கிறீங்க?"

போன கிழமை பள்ளிவாசல் வாசலில் என் மாணவன் ஒருவனின் வாப்பா கேட்டார். கோபம் வரவில்லை. தரம் 6 பிள்ளைகளோடு பால்மா பெட்டி அட்டையில் டொமினோ வெட்டி விளையாடுவது ஊருக்கே தெரியும்.

சீனாவில் தொடங்கிய விளையாட்டு இது. இரண்டு பகடை உருட்டினால் வரும் 21 சேர்க்கைகள்தான் அந்தக் காய்களில் புள்ளிகளாயின. சூதோடு சொந்தமே இல்லை என்றால் அது பொய். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கு வந்தது. ஐரோப்பியக் காய்களில் வெற்றுப் பக்கமும் சேர்ந்து 28 ஆனது. இதைப் பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. பணம் வைத்தால் கெரம்போர்டும் சூதுதானே!

ஆட்டம் இலகு. இருவர், ஆளுக்கு ஏழு காய். முனையில் 5 இருந்தால் 5ஐத்தான் சேர்க்கலாம். இல்லையா, மீதியிலிருந்து எடுக்க வேண்டும். கை முதலில் காலியானவருக்கு வெற்றி.

அவருடைய மகன் கணித பாடத்தில் வாயே திறக்காதவன். அன்று என்னோடு விளையாடும்போது சொன்னான்:

"சேர், அஞ்சு உள்ள காய் மொத்தம் ஏழு. நாலு மேசைல, மூணு என்ட கையில. உங்கட்ட அஞ்சு இல்ல."

சொல்லிவிட்டு இரண்டு முனையையும் 5 ஆக்கினான். மீதிக் காய்களை எல்லாம் எடுத்தும் எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை.

இதைச் சொன்னதும் வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவனா சேர்?" என்றார்.

வியாழன் கடைசிப் பாடவேளையில் விளையாடுகிறோம். சந்தேகம் உள்ள பெற்றோர் வந்து பக்கத்தில் இருந்து பாருங்க.