பெட்டகத்தின் பின்பக்கம்

பழைய பெட்டகம் ஒன்றைக் காட்டினால் மாமா முகப்பைப் பார்க்கமாட்டார். சுவரோடு ஒட்டிக் கிடந்த பின்பலகையைத்தான் முதலில் தடவுவார். முகப்பை எவனும் இழைத்து மினுக்கிவிடுவான். அவசரம், சோம்பல், கைப்பழக்கம் எல்லாம் பின்பலகையில்தான் பிடிபடும் என்பார்.

மடத்துவெளியில் அவருடைய பட்டறையில்தான் நான் உளி பிடிக்கப் பழகினேன். புங்குடுதீவில் அவரைத் தச்சு வேலைக்காரராகத்தான் தெரியும். கதவு நிலை, மாட்டு வண்டி, வள்ளத்துக்குப் பலகை மாற்றுவது என்று எதைக் கேட்டாலும் செய்வார். பட்டறைக்குப் பின்னாலிருந்த கொட்டிலுக்குள் போனவர்களுக்குத்தான் மற்ற முகம் தெரியும். பெட்டகங்கள், பாக்குவெட்டிகள், எழுத்தாணிகள், திறப்புத் தொலைந்த பித்தளைப் பூட்டுகள், வி.ஓ.சி. முத்திரை பதித்த ஒல்லாந்தர் காலச் செப்புத் துட்டுகள். வெளியாட்கள் துட்டைத்தான் கேட்டு வருவார்கள். அவருக்கோ பழைய இழைப்புளி ஒன்று அகப்பட்டால் சாப்பாடே மறந்துபோகும். பிடித்த இடத்தில் மரம் தேய்ந்து குழிந்திருப்பதை வைத்து, அதைக் கையாண்டவருக்கு இடக்கைப் பழக்கமா என்று சொல்லிவிடுவார்.

தீவுகளில் மரத்துக்குக் கறையானோடு உப்புக் காற்றும் எதிரி. இரும்பாணி துருவேறிப் பருக்கும்; பருத்ததும் சுற்றியுள்ள மரத்தை வெடிக்க வைக்கும். அதனால்தான் பழைய தச்சர்கள் பலகை நுனியில் செதுக்கிய கழுந்தைத் துளையில் இறுக்கி, குறுக்கே மர ஆணி அடித்தார்கள். முதிரைப் பெட்டகம் ஒன்று தலைமுறைகள் தாண்டி நிற்க, பிற்காலத்தில் யாரோ இரும்பாணி அடித்த மூலை மட்டும் பிளந்து கிடந்ததை அவர்தான் எனக்குக் காட்டினார். அந்த ஆணியைப் பிடுங்கவிடவில்லை. பிடுங்கினால் பலகை கிழியும். மெல்லிய வாளால் இரண்டு பலகைக்கும் நடுவில் ஆணியை அறுத்து, பிறகுதான் பிரித்தோம்.

பிரித்தபோது கழுந்துகளின் கன்னத்தில் உளியால் கொத்திய அடையாளங்கள் தெரிந்தன. ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சன் தனக்காகப் போட்ட குறி. பூட்டியபின் யார் கண்ணிலும் படாதது. அழுக்கென்று நினைத்து நான் சுரண்டப் போனேன்.

“உதைச் சுரண்டாதை, தம்பி. உதிலை அவன்ரை கை கிடக்கு” என்றார்.

யாழ்ப்பாணத்து வழிவந்த ஆனந்த குமாரசுவாமி கனிமங்களை ஆராய இலங்கைக்கு வந்து, கைவினைஞர்களின் வேலையில் மனம் தோய்ந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஆசாரிகளின் கருவிகளையும் வேலைமுறையையும் அவரளவுக்கு மதித்து எழுதியவர்கள் குறைவு. அவர் வெளியிலிருந்து பட்டறைக்குள் வந்தவர். மாமா பட்டறையிலிருந்தே சேகரிக்கத் தொடங்கியவர். சேகரிப்பில் எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது வகை. பொருளைச் செய்யத் தெரிந்தவனுக்கு அதன் விலையைவிட அது செய்யப்பட்ட முறைதான் முதலில் கண்ணில் படும்.

1991இல் போரால் தீவுகளைவிட்டுச் சனம் வெளிக்கிட்டபோது அவர் உளிப்பெட்டியையும் சில எழுத்தாணிகளையும்தான் தூக்கிக்கொண்டு போனார். பெட்டகங்களைத் தூக்க முடியுமா? திரும்பி வந்தபோது கொட்டிலின் கூரையும் இல்லை. பிறகும் அவர் சேர்த்தார், சிறிய பொருட்களாக, மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடியவையாக.

இப்போது கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருகிறவர்கள் பாட்டன் வீட்டுக் கதவையும் பெட்டகத்தையும் மினுக்கித் தரச் சொல்கிறார்கள். சிலருக்குக் கையோடு கொண்டுபோகவும் ஆசை. 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது சட்டப்படி தொல்பொருள், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுவேன். பிறகு பொருளைத் திருப்பி வைத்து, விளக்கைச் சரித்துப் பிடித்து, இழைப்புளி ஓடிய வரிகளைக் காட்டுவேன். அதைப் பார்த்தபின் வார்னிஷ் வேண்டாமென்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுடைய வேலைக்குக் கூலி குறைத்தே வாங்குகிறேன்.