நனைந்த கம்பளி

தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில், திருமண ஊர்வலங்களுக்கு வெள்ளைக் குதிரை ஒன்றை வாடகைக்கு விடும் முதியவர் ஒருவர் நம் பங்கில் வாழ்ந்து வந்தார். இளமையில் கிண்டிப் பந்தயத் திடலில் குதிரை பராமரித்தவர். கோடைதோறும் குதிரைகளோடு உதகைக்கும் சென்று வந்தவர்.

மார்கழி மாலை ஒன்றில், அக்குதிரை திறந்த வெளியில் குளிர்காற்றில் நிற்கக் கண்டு நெஞ்சம் இளகினோம். முதியவர் வீட்டில் இல்லை. நமது கம்பளியைக் கொணர்ந்து, அவருடைய பேரனின் துணையோடு அதன் முதுகில் கட்டினோம். நற்செயல் செய்த நிறைவோடு உறங்கவும் சென்றோம். நள்ளிரவில் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப் பார்த்தபோது, ஈரக் கம்பளியின் கீழே குதிரை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் முதியவரும் வந்துவிட்டார். அவர் சினக்கவில்லை. கம்பளியை உருவினார், சாக்குத் துணியால் உடலைத் தேய்த்து உலர்த்தினார், உலர்ந்த புல்லை முன்னே இட்டார். பிறகே வாய் திறந்தார்.

"சாமி, ஆண்டவர் குடுத்த போர்வை அது உடம்பு மேலேயே இருக்கு. குளிர்ந்தா மயிர் நிமிர்ந்து நிக்கும். உள்ளே காத்து தங்கிச் சூட்டைக் காக்கும். நம்ம கம்பளி அதை அமுக்கிடும். நனைஞ்சிட்டா வெறும் உடம்பைவிட மோசம்."

குளிர்நாடுகளில் குதிரைகளுக்குப் போர்வை போர்த்துகிறார்களே என்று கேட்டோம். அதற்கும் காரணம் உண்டு. அங்கே பகற்பொழுது குறையக் குறைய, குதிரையின் உடலில் அடர்ந்த மயிர் வளர்கிறது. கடுமையாக உழைக்கும் குதிரை அம்மயிருக்குள் வியர்த்தால் எளிதில் உலராது, குளிர் பற்றிக்கொள்ளும். ஆகவே மயிரைக் கத்தரிக்கிறார்கள். கத்தரித்த கைகளே போர்த்தவும் கடமைப்பட்டுள்ளன. இலண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணி நேரத்திற்கும் மேல் வேறுபாடு. சென்னையிலோ ஏறக்குறைய ஒன்றரை மணிதான். நம் மார்கழி இரவு 20 பாகையை ஒட்டியே நிற்கிறது. உடல் உலர்ந்து, வயிறு நிறைந்த குதிரை 5 பாகைக் குளிரையும் தாங்கும். அது உண்ணும் புல் குடலில் செரிக்கும்போதே வெப்பம் பிறக்கிறது.

புனித மார்ட்டினை நினைத்துக்கொண்டோம். ஆமியான் நகர வாயிலில், குதிரைமேல் அமர்ந்தபடி தம் மேலாடையை வெட்டிப் பாதியை ஈந்தவர். அவர் முன் நின்றவன் மெய்யாகவே ஆடையற்றவன். அந்த ஈகையை நாம் பலமுறை மறையுரையில் போற்றியிருக்கிறோம். அதற்கு முன் நிகழ்ந்த பார்வையைப் போற்றியதில்லை.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்த நாள்களும் நினைவில் எழுந்தன. போர்வை மூட்டைகளோடு நாம் சென்றோம். படுக்க உலர்ந்த இடம் தேடி நின்ற தாய் ஒருவர், போர்வையை வாங்கிக்கொண்டு, அதை எங்கே விரிப்பது என்பதுபோல் தரையைப் பார்த்தார். நாம் அடுத்த வீட்டுக்கு விரைந்தோம். அன்று புரியாத அப்பார்வை, ஈரக் குதிரையின் முன் நின்றபோதுதான் புரிந்தது. இரக்கம் நம்மிடம் குறைவாக இருந்ததில்லை. கேட்கும் பொறுமைதான் இல்லை.

அன்று மாலை முதியவரிடம் சென்று, "என்ன வேண்டும் பெரியவரே?" என்று வினவினோம். சற்றே தயங்கியபின், "மேலே கட்ட ஒரு தார்ப்பாய் இருந்தாப் போதும், சாமி" என்றார். மறுநாள் அதைக் கட்டிக் கொடுத்தோம்.