சிபியுவுக்கு ஒரு ஜன்னல்

கும்மிடிப்பூண்டி சிப்காட். மே மாசம்.
எங்க ஆபீஸ் பழைய சிபியு கத்துற கத்துல பக்கத்து ரோலிங் மில்லே தோத்துடும்.

மூடியைக் கழட்டினா, ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கறுப்புப் புழுதி. காந்தத்தைக் காட்டினேன், ஓடி வந்து ஒட்டிக்குது!

பின்னாடி ஒரே ஒரு 80 எம்எம் ஃபேன். வெளிய தள்ளும். உள்ள இழுக்க ஆளில்ல. அப்போ கிடைச்ச சந்து வழியாதானே காத்து புழுதியோட உள்ள வரும்?

மதர்போர்டைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு (இரும்புத்தூள் விழுந்தா ஷார்ட்டுதான்), வெறும் பெட்டியை ஃபேப்ரிகேஷன் அண்ணன்கிட்ட தூக்கிட்டுப் போனேன்.

"என்ன தம்பி, இதுக்கும் எக்ஸாஸ்ட்டா?"
"இல்லண்ணே, இது உள்ள இழுக்கறது."

முன்பக்கம் வட்டமா வெட்டி, ஓரத்தை அரம் போட்டுத் தேச்சே குடுத்தார். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின 120 எம்எம் ஃபேன். திருகு ஓட்டைக்கு ஓட்டை 105 எம்எம். அதுக்கு முன்னாடி கொசுவலை.

இப்போ வெளிய போறதைவிட உள்ள வர்ற காத்து ஜாஸ்தி. சந்து வழியா காத்து வெளியேதான் கசியுது. புழுதியில பெரிய துகளெல்லாம் வலையிலயே நின்னுடுது.

பெரிய இன்ஜினியர் மாதிரி அதைப் பார்த்துட்டே இருந்தேன், மூக்குல கர்ச்சீப்போட.

சிபியுவுக்கு ஃபில்டர் காத்து வந்தாச்சு. ஷெட்டுல நிக்கிற நமக்கு எப்பங்க?