அக்காவுக்கு, டிராக்டர் விஷயமாக

மன்னார்குடி,
மே 18.

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கேட்டபோது பக்கத்தில் அம்மா இருந்தாள். அதனால்தான் மழுப்பினேன். இன்ஜின் ஜாம் ஆனது வண்டியின் வயசால் இல்லை, என்னால்தான். கோடை உழவில் ரேடியேட்டர் முழுக்கத் தூசியும் வைக்கோல் துரும்பும் அடைத்துக் கிடந்தது. ஹீட் மீட்டர் முள் போன வருஷமே செத்துவிட்டது. ஆவி கிளம்பியதும் நிறுத்தியிருந்தால் ஹெட் கேஸ்கெட்டோடு போயிருக்கும். இன்னும் ரெண்டு சால்தானே என்று ஓட்டிவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதே.

அத்தான் சொன்ன பழைய இன்ஜினைப் போய்ப் பார்த்தேன். 90,000 கேட்கிறார்கள். மேலே புது பெயின்ட். ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னால் முகம் மாறுகிறது. ஆர்.சி. புக்கில் இருப்பது நம்ம இன்ஜின் நம்பர். வேறு இன்ஜின் வைத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் மாற்றிப் பதிய வேண்டும், அது எந்த வண்டியில் இருந்தது என்பதற்குக் காகிதமும் வேண்டும். அந்தக் காகிதம் அவர்களிடம் இல்லை. அத்தானிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

நம்ம இன்ஜினை இறக்கிப் பிரித்தாகிவிட்டது. மூன்றில் நடு பிஸ்டன் லைனரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றிக்கொள்ளலாம், பயமெல்லாம் பிளாக்கும் கிராங்க் ஷாஃப்டும்தான். மிஸ்திரி பிளாக்கில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தேய்த்தார். கீறல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடு விழுமாம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். கோடு இல்லை. பிறகு ஷாஃப்டைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணி மாதிரி இழுத்து ஒலித்தது. விரிசல் விட்டிருந்தால் சத்தம் அமுங்கிவிடுமாம். லேத்தில் அளந்ததில், அப்பா காலத்தில் ஒரு தடவை 10 சைஸ் கிரைண்டிங் ஆகியிருக்கிறது, அதாவது கால் மில்லிமீட்டர். இப்போது 20 சைஸ் போதும். அதற்கப்புறமும் 30 பாக்கி இருக்கிறது.

பிளாக்கில் கோடு விழுந்திருந்தால் நீ தருவதாகச் சொன்ன செயினை வாங்கிப் புது இன்ஜினே போட்டிருப்பேன். அப்பா வண்டி என்பதற்காக இரும்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் இல்லை நான். (கொஞ்சம் அழுதேன், அது வேறு.)

ஹெட் பேசிங், ஆயில் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 65,000. நடு லைனரை மட்டும் மாற்றினால் மிச்சமாகுமே என்று கேட்டேன். மிஸ்திரி முறைத்த முறைப்பில் மூன்றுக்கும் சரி என்றேன். வேலை முடிந்தாலும் முதல் 50 மணி நேரம் அதிகப் பாரம் ஏற்றக் கூடாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் இந்தக் குறுவைக்குச் சேற்றுழவு வாடகை வண்டிதான்.

அதனால் செயின் வேண்டாம். 20,000 மட்டும் அனுப்பு, அறுவடைக்குத் தருகிறேன்.

முதல் வேலையாகப் புது ஹீட் மீட்டர் வாங்கிவிட்டேன். 450 ரூபாய். இன்ஜின் ஏறும்வரை சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். இது என்னடா என்று அம்மா கேட்டாள். டிராக்டர் சாமான் என்றேன்.

உன் தம்பி.