தினம் ஒரு பூ

'ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்கும் தோட்டம்' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறவர்கள் யாரும் எங்கள் அம்மாவிடம் வேலை பார்த்தவர்கள் இல்லை. குலுங்கவெல்லாம் வேண்டாம் சார்... தினம் ஒன்றே ஒன்று பூத்தால் போதும். அதற்கே நாக்குத் தள்ளிவிடும்!

2011-ல் அப்பா காலமானதிலிருந்து அம்மா போட்ட சட்டம் இது. அப்பா படத்துக்குத் தினமும் காலையில் வீட்டில் பூத்த பூ ஒன்று வைக்க வேண்டும். கடைப்பூ கூடாது. "அவர் வாங்கின மனை. அவர் தோண்டின கிணறு. பூ மட்டும் கோயம்பேட்டிலேர்ந்து வரணுமாடா?" என்பாள். என்ன பதில் சொல்வது?

முடிச்சூரில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கும் மண்ணில் இறங்கினேன். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி மூன்றும் நிரந்தர ஊழியர்கள். மற்றதெல்லாம் சீசன் கூலி. மல்லிகை அதிலும் மகா பிகு. அதற்கு வெயில் வேண்டும். பங்குனி, சித்திரையில் கொட்டோ கொட்டென்று கொட்டும். மார்கழியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். (தை முகூர்த்தத்தில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற ரகசியம் இதுதான்.) கார்த்திகை நடுவில் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். முதல் வருஷம் நான் கத்தரியோடு போனபோது, "பச்சைச் செடியை வெட்டறானே!" என்று அம்மா தெருவையே கூட்டிவிட்டாள். மாசியில் மொட்டு வந்த பிறகுதான் என்னோடு பேச்சுவார்த்தை.

ஜாதிமல்லிக்குக் கத்தரி மார்கழியில், முல்லைக்குத் தையில். அப்போதுதான் ஒன்று ஓயும்போது இன்னொன்று கைகொடுக்கும். மூன்றையும் ஒரே நாளில் வெட்டினால் மூன்றும் சேர்ந்து லீவு போட்டுவிடும்.

பனிக்காலத்துக்கு டிசம்பர் பூவும் சாமந்தியும். சாமந்தி நன்றாகத்தான் பூத்துக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாக எரியாமல் இருந்த தெருவிளக்கைப் புண்ணியவான்கள் யாரோ வந்து சரி செய்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. எங்கள் சாமந்தி மட்டும் மொட்டு விடுவதை நிறுத்திவிட்டது! சாமந்திக்கு ராத்திரி நீளமாக இருக்க வேண்டும், அதுவும் கும்மிருட்டாக. நடுவில் வெளிச்சம் பட்டால், 'இன்னும் பூக்கிற காலம் வரவில்லை' என்று இலை விடுவதோடு நின்றுவிடும். சாயங்காலம் ஆறு மணியானால் தொட்டிகளுக்குக் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டிருந்தேன். "ஏங்க, எனக்கு ஒரு நாளாவது போர்வை எடுத்துக் கொடுத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. கடைசியில் தொட்டிகளைக் கொல்லைப்புறம் மாற்றிக் குடும்பத்தில் அமைதி ஏற்படுத்தினேன்.

நாலு வருஷம் சட்டம் மீறப்படவில்லை. பிறகு வந்தது 2015 டிசம்பர். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் எங்கள் ஹாலுக்குள் இடுப்பளவு. மாடி அறைக்கு ஏறினோம். அம்மா தூக்கிக்கொண்டு வந்தது அப்பா படத்தை மட்டும். மேலேயிருந்து பார்த்தால் தோட்டமே இல்லை. அரளியின் உச்சி மட்டும் தெரிந்தது, பூ இல்லாமல்.

மறுநாள் காலை அம்மா எதுவும் கேட்கவில்லை. வெறும் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு வெடிப்பு. அதில் யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல் ஒரு நித்தியகல்யாணி. அத்தனை மழையிலும் ஊதா நிறத்தில் ஐந்தாறு பூ. ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

"சீ... சுடுகாட்டு மல்லி! அதைப் போய் அப்பாவுக்கு வைக்கறியா?" என்றாள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும், அவளிடம் சொன்னதில்லை. 2009-ல் அப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றினார்களே, அதில் ஒன்றின் பெயர் வின்கிரிஸ்டின். இந்தச் செடியிலிருந்து பிரித்தெடுப்பதுதான். டன் கணக்கில் இலையைக் காய்ச்சினால் கிராம் கணக்கில் கிடைக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் இதைப் பயிராகவே போடுகிறார்கள். (யாராவது இலையைப் பறித்து வீட்டில் கஷாயம் போட்டுவிடப் போகிறீர்கள்... விஷம்! ஆடுகூட வாய் வைக்காது.)

சொன்னேன். அம்மா பூவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவருக்கு ஏத்தினது இதுவா?"

"ஆமாம்மா."

"அந்த ரெண்டு வருஷத்துலதானேடா பேத்திக்குக் காது குத்தினோம். மடியில வெச்சுக்கிட்டாரே..."

அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பூவைப் படத்துக்கு வைத்தாள்.

தண்ணீர் வடிந்த பிறகு மல்லிகையும் முல்லையும் அழுகிப் போயிருந்தன. பதியன் வாங்கி எல்லாம் புதிதாக ஆரம்பித்தேன். மாடியில் இப்போது நாலு தொட்டி நித்தியகல்யாணி. கத்தரி வேண்டாம், போர்வை வேண்டாம், உரம் வேண்டாம். தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பூக்கிறது.

போன வாரம் பறித்ததில் மிச்சத்தைப் பிள்ளையாருக்கு வைக்கப் போனேன். அம்மா தடுத்துவிட்டாள்.

"சாமிக்கெல்லாம் வேண்டாம். அவருக்கு மட்டும் வை."