மாத்திரை சோறாகுமா?

எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் ‘சத்து’ என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. உடம்பு சோர்ந்தால் மருந்துக் கடையில் “ஒரு சத்து மாத்திரை கொடுங்க” என்று கேட்பது பலருக்கு வழக்கம். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் என் அண்ணனும் அப்படித்தான். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் ஒரு பி-காம்ப்ளெக்ஸை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுவார். “களி கிண்டி வச்சிருக்கேன், ஒரு உருண்டையாச்சும் தின்னுட்டுப் படுப்பா” என்று அம்மா கெஞ்சினால், “அதான் மாத்திரை போட்டுட்டேனே” என்பார். மூன்றே மாதத்தில் அவர் சட்டைகள் தொளதொளத்துப் போயின.

கல்லூரியில் நொதிகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய லேத்தையே உவமையாக்கிப் பேசினேன்.

நம் உடலில் நொதிகளே எந்திரங்கள். ஆனால், அவற்றுள் பல தனித்து இயங்கா. லேத்தில் டூல் மாட்டாவிட்டால் மோட்டார் சுற்றும், இரும்பு சீவப்படாது. அந்த டூலைப் போன்றதே துணைநொதி. பி வகை வைட்டமின்கள் உடலுக்குள் சென்று துணைநொதிகளாக மாறுகின்றன. நாம் உண்ணும் மாவுச்சத்து சர்க்கரையாகி, பின் பைருவேட் ஆகிறது. அதிலிருந்து முழு ஆற்றலையும் பெற உதவும் நொதித் தொகுதிக்கு 5 துணைநொதிகள் வேண்டும். அவற்றுள் 4 துணைநொதிகள் பி1, பி2, பி3, பி5 ஆகியவற்றிலிருந்து வருபவை. தயமின் எனப்படும் பி1 இல்லாவிட்டால் பைருவேட் தேங்குகிறது. நரம்பும் இதயமும் தளர்கின்றன. அதுவே பெரிபெரி நோய். இந்நோயை ஆராயவே 1918இல் நம் குன்னூரில் மக்காரிசன் ஓர் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1958இல் ஐதராபாத்துக்குச் சென்ற அதுவே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

“அப்படின்னா ரெண்டு மாத்திரை போட்டா ரெண்டு மடங்கு தெம்பு வருமா?” என்று அண்ணன் கேட்டார்.

“ஒரு லேத்துக்குப் பத்து டூல் வாங்கி வச்சா பத்து மடங்கு வேலை நடக்குமா அண்ணா?” என்றேன். ஒரே டூல் பல துண்டுகளைச் சீவுவதுபோல், ஒரே துணைநொதி திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. அதனால்தான் நாளொன்றுக்கு ஓரிரு மில்லிகிராம் தயமினே போதுமானதாகிறது. மிஞ்சுவது சிறுநீரில் வெளியேறிவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. டூல் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, இரும்பு எங்கே? வைட்டமின் எரிபொருளன்று. உணவு வராதபோது உடல் தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்து ஆற்றல் தேடும். அண்ணனின் சட்டை தொளதொளத்த காரணம் இதுதான்.

அம்மாவின் களியில் இரும்பும் டூலும் சேர்ந்தே இருக்கின்றன. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 0.05 மில்லிகிராம் அளவே தயமின் உண்டு. கேழ்வரகிலோ ஏறத்தாழ 0.4 மில்லிகிராம். அத்திப்பள்ளிக்கு அப்பால் ‘முத்தே’ என்றும், இப்பால் ‘களி’ என்றும் அழைக்கப்படும் அந்த உருண்டைக்கு இரு மாநில உழைப்பாளிகளும் கடன்பட்டவர்கள் என்றால் மிகையாகாது.

அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் காலை கைகழுவி வந்து தட்டின்முன் உட்கார்ந்தார். அம்மா எதுவும் கேட்காமல் கீரைக் குழம்பை ஊற்றினாள்.

நண்பர்களே, குறைபாடு உண்டென்று மருத்துவர் சொன்னால் மாத்திரை அவசியமே. ஆனால், அது உணவோடு சேர்ந்து உழைக்க வந்த துணைவனே அன்றி, உணவின் இடத்தில் அமர வந்த தலைவன் அல்லன். விடுதியில் காலை உணவைத் துறந்துவிட்டு வகுப்புக்கு ஓடிவரும் நாமும் இதை மறக்கலாகாது.