அஞ்சு ஒன்பது

கஜா புயல் கரையேறிய மூன்றாம் நாள் மாலை, சென்னையில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து செனகல் நாட்டுக்காரர் ஒருவரோடு பேசினேன். பேசினேன் என்பது பெரிய வார்த்தை. என் அழைப்புக்குறியை அவர் சொன்னார், அவருடையதை நான் சொன்னேன், இருவரும் "ஃபைவ் நைன்" என்றோம், நன்றி, முடிந்தது. பதினைந்து விநாடி இருக்கும். எனக்கு அது 214-வது நாடு. லாக்கில் ஏற்றிவிட்டு, அன்று எத்தனையாவது தடவையோ அம்மாவின் எண்ணை அழைத்தேன். சுவிட்ச் ஆஃப். அப்பாவின் எண்ணும் அதே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் குறுக்காக மிதித்துக்கொண்டு போயிருந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் அப்படியே படுத்துக் கிடக்கும் படங்கள் டிவியில் வந்தன. எங்கள் அன்னவாசலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான்காம் நாள் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஆன்டெனாவின் ஒரு முனையைக் கட்டியிருந்த வடக்குத் தென்னை மட்டும் வேரோடு சாய்ந்து, செப்புக் கம்பி மாட்டுக்கொட்டகை மேல் சுருண்டு கிடந்தது.

அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். நாற்பது வருஷமாக அதே கடை. அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடும்போது செனகல் கதையை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பெருமைக்காகத்தான் இருக்க வேண்டும்.

"செனகல்காரன்ட்ட பேசியிருக்க. அப்பன்ட்ட பேச ஒரு வழி இல்லயாக்கும்" என்றார். கோபமாகக்கூட இல்லை.

இந்தப் பைத்தியம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோ உரிமம் வாங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளில் பெட்டியை மூடி வைத்துவிடுவார்கள். சிலருக்கு எண்ணிக்கை பிடித்துக்கொள்ளும். 1935-இல் அமெரிக்காவில் கிளின்டன் டிசோட்டோ என்பவர் க்யூ.எஸ்.டி. என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று எல்லோரும் பீற்றிக்கொள்கிறோமே, முதலில் 'நாடு' என்றால் என்ன என்பதுதான் அவருடைய கேள்வி. அதிலிருந்து பிறந்தது டி.எக்ஸ்.சி.சி. விருது. நூறு 'நாடுகளோடு' பேசி அதற்கு உறுதிச்சான்றும் வாங்கினால் சான்றிதழ் கிடைக்கும். அது ஆரம்பப் பள்ளி. இப்போதைய பட்டியலில் 340 இருக்கின்றன. அதில் 331-ஐத் தொட்டால்தான் 'ஹானர் ரோல்'. 340-உம் முடித்தால் அதில் முதலிடம். பாதிப் பேர் அதற்குள் செத்துப்போவார்கள் என்பது எங்கள் வட்டத்து ஜோக். ஜோக் மட்டும் இல்லை.

இந்த 'நாடு' நம் பாஸ்போர்ட் சொல்லும் நாடு அல்ல. கடலால் போதிய தூரம் பிரிந்திருந்தால் தீவும் தனிக் கணக்கு. அந்தமான் தனி, லட்சத்தீவு தனி. பழைய பட்டியலைப் புரட்டினால் வேடிக்கையாக இருக்கும். 1954 அக்டோபர் 31 வரை 'பிரெஞ்சிந்தியா' ஒரு நாடு. அன்றைக்குப் பாண்டிச்சேரிக்காரர் ஒருவரோடு பேசியிருந்தால் ஒரு மதிப்பெண். கோவா தனி, சிக்கிம் தனி. எல்லாம் 'நீக்கப்பட்டவை' என்ற பகுதியில் இன்னமும் கிடக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை.

கஷ்டம் தூரத்தில் இல்லை. சூரியன் நல்ல நிலையில் இருந்தால் அன்னவாசலிலிருந்து ஐம்பது வாட்டில் பிரேசில் கிடைத்துவிடும். எதிர்பாராத விதமாகப் பக்கத்து இலங்கைதான் படுத்தும். அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி விழும்போது நம் தலையைத் தாண்டி எங்கோ போய் விழுகிறது. நடுவில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. இது போதாதென்று சூரியனுக்குப் பதினோரு வருஷச் சுழற்சி வேறு. 2019-இல் அடித்தட்டுக்குப் போனது, 2024-இல்தான் உச்சம். ஒரு மனுஷ ஆயுசில் நல்ல உச்சம் நான்கைந்து கிடைத்தால் அதிகம்.

உண்மையான கஷ்டம், அந்தப் பக்கம் ஆளே இல்லாததுதான். வட கொரியாவில் 2001, 2002-இல் எட் ஜியார்காட்சே என்ற ஜார்ஜியக்காரர் அனுமதியோடு ஒலிபரப்பினார். ஐ.நா. உணவுத் திட்டத்தில் வேலையாகப் போனவர். நான் அப்போது ஏழாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வருஷத்தைத் தவறவிட்டவர்கள் பெரும்பாலோர் இன்னும் காத்திருக்கிறார்கள். அந்தமானும் அப்படித்தான் பல வருஷம் ஊமையாக இருந்தது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் அனுமதி வாங்கிப் போர்ட் பிளேர் போய் VU-வுக்குப் பதில் 'வி.யூ.4' என்று அழைத்தபோது உலகமே அவர் மேல் விழுந்தது. டிசம்பர் 26 காலை சுனாமி. நாடு எண்ணிக்கொண்டிருந்தவர்களை விலகச் சொல்லிவிட்டு, அதே ரேடியோவில் அந்தக் குழு தீவிலிருந்து செய்தி கடத்த ஆரம்பித்தது. யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரைக் காணோம் என்ற செய்திகள்.

இந்தக் கதையை நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது, இதை எப்போதும் அந்தமான் என்ற மதிப்பெண்ணுக்கு முன்னுரையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன் என்று.

அப்பாவை உரிமத் தேர்வு எழுத வைக்கலாம் என்று தோன்றியது. அப்போது அவருக்கு அறுபத்தொன்று. கேள்விகளைத் தமிழில், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். சட்டதிட்டம் மண்டையில் ஏறவில்லை. ஆனால் ரெசனன்ஸ் பாடம் எடுத்தபோது, "இத ஏன்டா இப்புடிச் சுத்தி வளைக்கிற, சுத்து கூடுனா என்னாகும்னு கேளு, சொல்றேன்" என்றார். நாற்பது வருஷம் கையால் எண்ணிச் சுற்றியவர். இஞ்சினியரிங்கில் நான் பார்முலாவாக மட்டும் படித்ததை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார். என் ஆன்டெனாவுக்கான பாலூனையும் அவரே சுற்றிக் கொடுத்தார். நான் சுற்றியதைப் பார்த்துவிட்டு, "இது காயிலா, காக்காக் கூடா?" என்று கேட்ட பிறகு.

தேர்வில் பாஸ். உரிமம் கைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எந்த மேஜையில் தூங்கியது என்று சொல்ல வேண்டாம்.

அதற்குள் கொரோனா வந்து நானும் ஊருக்கே வந்துவிட்டேன். லேப்டாப்பில் கம்பெனி வேலை, பக்கத்தில் ரேடியோ. சென்னை அபார்ட்மென்ட்டின் எல்.இ.டி., லிஃப்ட், சார்ஜர் இரைச்சல் எதுவும் இல்லை. சாயங்காலம் சித்தன்னவாசல் வரை வண்டியில் போய்வருவேன். ஏழடிப்பட்டத்துக் குகைப்பாழியில் சமணத் துறவிகள் வழுவழுவென்று செதுக்கிய கற்படுக்கைகள் இருக்கின்றன, தலைமாட்டில் கல்லே தலையணை. இரண்டாயிரம் வருஷத்துத் தமிழி எழுத்தும் உண்டு. சின்ன வயசிலிருந்து பார்க்கிற இடம். ஆனால் அந்த நாள்களில் அங்கே நின்று நான் யோசித்தது, இந்த உயரத்தில் ஒரு ஆன்டெனா கட்டினால் எப்படியிருக்கும் என்பதைத்தான். தொல்லியல் துறை என்னைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும்.

எண்ணிக்கை 270-ஐத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் எஃப்.டி.8. 2017-இல் வந்த டிஜிட்டல் முறை. இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் இயற்பியல் நோபல் வாங்கிய ஜோ டெய்லர். பதினைந்து பதினைந்து விநாடியாக இரண்டு கம்ப்யூட்டர்கள் மாறி மாறிச் சொல்லிக்கொள்ளும். காதுக்குக் கேட்கவே கேட்காத சிக்னலையும் இரைச்சலிலிருந்து உருவி எடுக்கும். ஹானர் ரோல் பெரியவர்கள் திட்டுகிறார்கள். நான் சாஃப்ட்வேர்காரன், எனக்கு அந்தக் கோடு அழகாகத்தான் தெரிகிறது. ஆனாலும் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு புது நாடு தானாக லாக்கில் ஏறியிருந்த அன்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதை அழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2023 பிப்ரவரியில் பூவே தீவு. தெற்கு அட்லான்டிக்கில் பனி மூடிய, ஆளில்லாத தீவு. 2018-இல் ஒரு குழு கண்ணுக்கெட்டும் தூரம் வரை போய், இறங்க முடியாமல் திரும்பியது. இந்த முறை 3ஒய்0ஜே குழு ரப்பர் படகில் போய், அலையில் நீந்திச் சாமான்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியது. எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் மூன்று நாள் லீவு போட்டேன்.

இரண்டாம் நாள் கேட்டது. மெல்ல, ஆழத்திலிருந்து, ஆனால் அதுதான். அடுத்த நிமிஷம் மும்முனை கரண்ட் வந்தது. பக்கத்து வயல் சித்தப்பா மோட்டாரைப் போட்டார். ரிசீவரில் கடகடவென்று இரைச்சல். பூவே காணாமல் போனது. வரப்பில் ஓடி, "சித்தப்பா, ஒரு அரை மணி நேரம் மோட்டார நிப்பாட்டுங்க" என்றேன். அவர் என்னையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்தார். கடலைக்கு அன்று தண்ணி முறை. கொஞ்சம் சத்தமாகிவிட்டது. அப்பா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"அவன் கரண்ட் இருக்கயிலதான் தண்ணி பாய்ச்ச முடியும். ஒன் தீவு எங்க போயிரும்?"

தீவு எங்கும் போகவில்லை. அவர்கள் போய்விட்டார்கள்.

நாலு நாள் கழித்து அப்பா சித்தப்பாவின் மோட்டார் கொட்டகைக்குப் போய் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு ஃப்யூஸ் கேரியர் கருகித் தொளதொளவென்று கிடந்தது. லோடு ஏறும்போதெல்லாம் அதில் பொறி. மாற்றினார். இரைச்சல் நின்றது. முன்னாலேயே பார்த்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். இரண்டு வருஷமாக அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தது நான். பத்தடி நடந்து போய்ப் பார்க்காததும் நான்தான்.

இப்போது திரும்பவும் சென்னை. 291-இல் நிற்கிறேன். வட கொரியா இல்லை, பூவே இல்லை. அப்பா இந்தக் கணக்குக்கே வரவில்லை. காலை ஏழு மணிக்கு நாற்பது மீட்டரில் வருவார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், சேலத்தில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியிலிருந்து நான். மழை, மாடு, கடலை விலை. இது எதற்கும் மதிப்பெண் கிடையாது. இந்தியா எனக்கு உறுதியாகி வருஷக்கணக்கு ஆகிவிட்டது.

போன ஞாயிறு அலை சரியில்லை. அப்பாவின் குரல் இரைச்சலில் மூழ்கி மூழ்கி எழுந்தது. பழக்கதோஷம், "ஃபைவ் நைன்" என்றேன்.

"சும்மா அஞ்சு ஒன்பதுங்காத. ஊருக்கெல்லாம் சொல்றத எனக்குச் சொல்றியா? உள்ளபடி சொல்லு."

மீட்டரைப் பார்த்து, நாலு நாலு என்றேன்.

"ம். இங்கயும் அப்படித்தான் கேக்குது" என்றார். புதிதாக வைத்த தென்னம்பிள்ளை குருத்து விட்டிருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார். பாதிதான் கேட்டது. மறுபடி சொல்லச் சொன்னேன்.